ராட்டாந்தூரிப் பாட்டு

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். மிக்ஸி ஒன்றுக்குக் கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தார். வெயில் ஏறிய முகம், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. பழுதுபார்க்கிற கடைக்கு யாரும் தூக்குப்போசி கொண்டு வருவதில்லை. வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்ணா, எங்கள் தூரியின் பழைய பாட்டு உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

எந்தத் தூரி என்று நான் கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் தட்டித் தட்டி முதல் இரண்டு அடியை முனகிக் காட்டினேன். அந்தப் பெண் பாதியிலேயே "அதேதான்!" என்றார். தூக்குப்போசியைத் திறந்தார். உள்ளே உலர்ந்த மஞ்சள் கிழங்குகள். அவற்றுக்கு நடுவில், துணியில் சுற்றிய ஒரு கேசட்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் ஊஞ்சலுக்குத் தூரி என்று பெயர். ஆடி பிறந்தால் வேப்பமரக் கிளையில் கயிறு கட்டி ஆடுவது தூரி. திருவிழாவில் காசு கொடுத்து ஏறிச் சுற்றுவது ராட்டாந்தூரி. அது குடைபோல விரிந்து சுற்றினாலும் சரி, வானத்துக்கும் பூமிக்குமாகப் போய் வந்தாலும் சரி, பெயர் ஒன்றுதான். நான் சொல்லும் தூரி குடை வகை. நடுவில் ஒரு கம்பம், மேலே தகரக் கூரை, சுற்றிலும் பதினாறு மரக் குதிரைகள், நான்கு நான்கு பேர் உட்காரும் இரண்டு அன்னங்கள். ஆக 24 பேர். குதிரைகளில் ஒன்றுக்கு இடது காது பாதிதான் உண்டு. அந்தக் குதிரைக்காகச் சண்டை போட்டு நானே ஒருமுறை மூக்கில் ரத்தம் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தூரி வருடத்தில் பல ஊர்களுக்குப் போகும். ஆனால் அதற்கு வீடு என்று சொன்னால் அந்தியூர்தான். ஆடியில் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் நோம்பி, அதாவது திருவிழா. மகமேரு தேர்களில் சாமிகளைத் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டு போவார்கள். கூடவே குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும். ஒரு பக்கம் செவலையும் வெள்ளையுமாகப் பர்கூர் மாடுகள், ஒரு பக்கம் காங்கேயம் காளைகள், இன்னொரு பக்கம் கொட்டுக்குக் கால் மாற்றி ஆடும் குதிரைகள். பவானியிலிருந்து பஸ் ஏறிப் போனால், சந்தையின் புழுதி தெரிவதற்கு முன்பே தூரிப் பாட்டு காதில் விழும். அந்த இடத்தில் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடாத பையன் யாரும் அந்தக் காலத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அது சினிமாப் பாட்டு இல்லை. அதுதான் விசேஷம். ஒரு கிளாரினெட், இரண்டு டிரம்பெட், ஒரு சைடு டிரம், ஒரு பெரிய டிரம். கல்யாண ஊர்வலத்தில் போகும் பேண்டு செட். மெதுவாகத் தொடங்கும், பிடித்துக்கொண்டு ஓடும், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அதைப் பதிவு செய்த கதையைப் பிறகு பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியவர் என்றால் தூரியைக் கட்டியவர், இந்த அம்மணியின் மாமனார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காது கூர்மை.

1986 வரைக்கும் அவர் இசைத்தட்டுதான் போட்டுக்கொண்டிருந்தார். தூரி சுற்றும்போது தரை அதிரும், ஊசி குதிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு நீளம். பாட்டு முடிந்தால் தூரி நிற்கும் என்பது கணக்கு. நீளப் பாட்டுக்கு ஏறியவன் சிரித்துக்கொண்டு இறங்குவான், குட்டைப் பாட்டுக்கு ஏறியவன் சண்டைக்கு வருவான். "ஒரு ரூபாய் எல்லோருக்கும் ஒரே ரூபாய்தானே தம்பி" என்றார் பெரியவர். எல்லோருக்கும் ஒரே நீளத்தில், தூரிக்கென்றே ஒரு பாட்டு வேண்டும் என்று முடிவு செய்தார். கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பேண்டு செட்டைக் கூட்டி வந்தார். தன்னுடைய காட்டில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் தூரியை நிறுத்தினார். காலித் தூரி இலகுவாகச் சுற்றிவிடும் என்று குதிரைகள்மேல் சோள மூட்டைகளை ஏற்றிக் கட்டினார். அன்றைக்கு மோட்டார் கிடையாது, நான்கு ஆட்கள் தள்ளுவார்கள். அவர்கள் தள்ள, மூட்டைகள் சவாரி செய்ய, பேண்டுக்காரர்கள் குதிரைகளின் காலைப் பார்த்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள். தூரி கிளம்பும்போது டிரம் கிளம்ப வேண்டும். தூரி நிற்கும்போது கிளாரினெட் நிற்க வேண்டும். பாரிசுக்குப் பக்கத்திலுள்ள டிஸ்னி பூங்காவில் 1995இல் ஒரு ரோலர் கோஸ்டர் திறந்தார்கள். பெட்டியிலேயே ஸ்பீக்கர் வைத்து, ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு இசையைப் பொருத்தியிருந்தார்கள். உலகமே அதைப் பாராட்டியது. எங்கள் காட்டில் ஒன்பது வருடத்துக்கு முன்பே சோள மூட்டைகள் அதைக் கேட்டுவிட்டன.

ஒரு மணி நேரக் கேசட். பக்கத்துக்கு ஆறு தடவை வீதம் மொத்தம் பன்னிரண்டு தடவை வாசித்தார்கள். பன்னிரண்டும் ஒரே பாட்டுதான், ஆனால் ஒன்றுபோல ஒன்று இல்லை. முதல் பக்கத்தில் மூன்றாவது தடவையில், டிரம்பெட் இரண்டும் மேலே போகும் இடத்தில், காட்டுக்குள்ளிருந்து ஒரு மயில் அகவும். எங்களுக்கு அது மயில் சுற்று. மயில் சுற்று வரட்டும் என்று இரண்டு சுற்றுகளை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். மயில் கத்தியதும் தூரியில் இருக்கும் 24 பேரும் சேர்ந்து கத்த வேண்டும். யார் ஏற்படுத்திய சட்டமோ தெரியாது.

டேப் ரிக்கார்டர் கெட்டுப்போய், சி.டி. வந்து, பிறகு பென் டிரைவ் வந்து, தூரியில் சினிமாப் பாட்டு ஓடத் தொடங்கி இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது சீட்டு மேசையில் உட்காருவது மருமகள்தான். வருடாவருடம் தன் வயதுக்காரர்கள் குழந்தைகளோடு வந்து, சீட்டு வாங்கிவிட்டு, "அந்தப் பாட்டு எங்கே?" என்று கேட்கிறார்களாம். "பதில் சொல்லி அலுத்துவிட்டது அண்ணா. ஆடிக்குள் செய்துகொடுத்துவிடுங்கள்" என்றார்.

கேசட்டைப் பிரித்தேன். பெரியவருடைய மஞ்சள் வைத்தியம் பூச்சியை அண்டவிடவில்லை. பூஞ்சையை அதனால் தடுக்க முடியவில்லை. நாடாச் சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல வெள்ளை. ஒலியைப் படிக்கிற தலைக்கு எதிரே நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டுக் கீழே கிடந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். முன்முனை அறுந்திருந்தது. ஏறக்குறைய 86 மீட்டர் நாடாவை ஆறுபட்டைப் பென்சிலால் சுற்றி, மெல்லிய பருத்தித் துணிக்கு நடுவே விட்டுத் துடைத்து, திருகாணி போட்ட ஒரு நல்ல கூட்டுக்குள் மாற்றினேன். மூன்று இரவுகள். இரண்டாவது இரவு என் மனைவி வந்து எட்டிப் பார்த்து, "வீட்டு மிக்ஸி ஒரு மாதமாக ஓடவில்லை" என்பதை மட்டும் தெரிவித்துவிட்டுப் போனாள்.

என்னிடம் இருக்கிற டெக்கின் வேகத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கேசட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து அதுதான் வேகம். 3,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை நாடாவைப் போட்டால் என் டெக் 3,000 காட்டும். அதில் ஓட்டி, கணினியில் ஏற்றினேன். இரைச்சலைக் கொஞ்சம்தான் குறைத்தேன். முழுக்க எடுத்தால் மயிலும் போய்விடும் என்று பயம்.

முதல் சுற்று 4 நிமிடம் 20 விநாடி. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கே என்னவோ இடித்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மணி தன் நாத்தனாரையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூவரையும் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து ஓட்டினேன். ஒரு நிமிடம் வரைக்கும் சிரித்த முகமாக இருந்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மயில் கத்தியபோது யாரும் கத்தவில்லை.

"பாட்டு இதுதான் அண்ணா. ஆனால் அது இல்லை" என்றார் அம்மணி.

"தூக்கக் கலக்கத்தில் வாசிக்கிறதுபோல இருக்கிறது" என்றார் நாத்தனார்.

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு, கருவியைவிடக் காதைப் பெரிதாகச் சொன்னால் வரக்கூடிய கோபம். "ஞாபகம்தான் மாறிவிட்டிருக்கும் அம்மணி, நாடா மாறாது" என்றேன். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நான் சொன்னது சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. பழைய பதிவுகளில் எல்லாம் அடியில் ஒரு ரீங்காரம் இருக்கும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஊசலாடுகிறதல்லவா, அதன் முனகல் மைக் வயரில் ஏறி நாடாவில் படிந்துவிடும். அன்றைக்கு டெக்குக்கு மின்சாரம் மோட்டார் ரூமிலிருந்துதான். கணினியில் விரித்துப் பார்த்தேன். ரீங்காரம் 49.1இல் நின்றது. 50க்கு ஏன் குறைகிறது என்றால், அந்தக் காலத்தில் மின்சாரமே அப்படித்தான். தேவை ஏறினால் அதிர்வெண் இறங்கும். தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்ததே 2013 டிசம்பர் 31ஆம் தேதிதான். 1986இல் 49.1 என்றால் நம்பலாம். பெண்கள் சொல்வதுபோல இன்னும் வேகமாக ஓடியது உண்மை என்றால், ரீங்காரம் 52க்குப் போயிருக்க வேண்டும். எல்லா ஊரிலும் பம்புசெட் ஓடுகிற நாளில் 52க்கு வழியே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கவுந்தப்பாடிக்குப் போனேன். அந்தச் செட்டில் கிளாரினெட் வாசித்தவர் இருக்கிறார். வெல்ல மண்டி ஒன்றுக்குப் பின்னால் வீடு. என் போனில் ஓட்டிக் காட்டினேன். பல் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டார். காதில் கேட்பதற்குப் பல் எதற்கு என்று யோசித்தேன். அவருக்குப் பாட்டு என்றால் வாய்தான் போலிருக்கிறது. கேட்கக் கேட்க வலது கை விரல்கள் முழங்கால்மேல் தாமாக ஓடின.

"ஆறரைக் கட்டை. சரியாக இருக்கிறது" என்றார்.

கொஞ்சம் வேகமாக்கி, சுருதி அரைக் கட்டை ஏறும்படி செய்து மறுபடி ஓட்டினேன். விரல்கள் நின்றுவிட்டன. முகத்தைச் சுளித்தார்.

"இது ஏழு கட்டை தம்பி. இந்தக் கிளாரினெட்டில் ஏழு கட்டையில் இந்த ஓட்டம் ஓடச் சொன்னால் விரல் சுளுக்கிக்கொள்ளும். நான் இப்படி வாசிக்கவே இல்லை."

வாசித்தவரே சொல்லிவிட்டார், மின்சாரமும் சொல்லிவிட்டது. ஆனால் திரும்பி வரும் வழியில், ஆப்பக்கூடல் தாண்டும்போது, நான் ஹெல்மெட்டுக்குள் முனகிக்கொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்திப் போனில் பதிவு செய்துவைத்து, வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். ஏழு கட்டை. என் காதிலும் அந்தப் பெண்கள் சொன்ன பாட்டுதான் இருந்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் இணையத்தில் அலைந்தேன். பெரிய பூங்காக்களில் இந்த மாதிரிப் பழைய பாட்டைத் திரும்பக் கொண்டுவந்த கதைகள் நிறைய. ஒன்று மட்டும் மனதில் நின்றது. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வால்ட் டிஸ்னி ஒரு அரங்கம் அமைத்தார். மேடைகள் நடுவில் அசையாமல் நிற்கும். ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் வளையம் அதைச் சுற்றி வரும். அதுவும் ஒரு ராட்டாந்தூரிதான். வருகிற நாளை எவ்வளவு அழகாக இருக்கும் என்று ஒரு பாட்டு, ஷெர்மன் சகோதரர்கள் எழுதியது. 1967இல் அரங்கம் கலிபோர்னியாவுக்குப் போனது, 1975இல் புளோரிடாவுக்கு. புளோரிடா போகும்போது பாட்டை மாற்றிவிட்டார்கள். செலவை ஏற்ற ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, நாளைக்கு என்று பாடினால் ஜனங்கள் பிரிட்ஜை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள், இன்றைக்கு என்று பாடுங்கள் என்று சொன்னதாகப் பேச்சு. புதுப் பாட்டையும் அதே சகோதரர்கள்தான் எழுதிக் கொடுத்தார்கள். 1994இல் பழைய பாட்டு திரும்பி வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 1975க்கும் 1994க்கும் நடுவில் புளோரிடாவில் பிள்ளையாக இருந்தவனை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் அவனுக்கு அந்தப் புதுப் பாட்டுதானே பழைய பாட்டு?

விடிந்ததும் அம்மணிக்குப் போன் செய்தேன். தூரியில் இருந்த பழைய டேப் ரிக்கார்டரை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். மத்தியானம் வந்துவிட்டது. அட்டாலியில், நெல் பத்தாயத்துக்குப் பின்னால் இருந்ததாம். பல்லி முட்டையோடு வந்தது.

பெல்ட் உருகித் தார்போல ஆகியிருந்தது. பழைய ரப்பர் பெல்ட்டுகளின் விதி அது. தொட்டால் விரலில் ஒட்டும், மண்ணெண்ணெய் போட்டாலும் இரண்டு நாள் போகாது. வழித்தெடுத்துப் புதுப் பெல்ட் போட்டு, தலையைத் துடைத்து, சோதனை நாடாவைப் போட்டேன்.

3,180.

நூற்றுக்கு ஆறு பங்கு வேகம். நூற்றுக்கு ஆறு என்றால் ஏறக்குறைய அரைக் கட்டை. ஆறரைக் கட்டை ஏழு கட்டையாகிவிடும். 4 நிமிடம் 20 விநாடி, 4 நிமிடம் 5 விநாடி ஆகிவிடும். ஆக, இந்தப் பெட்டிதான் குற்றவாளி. பெண்களின் காது சரி, நாடாவும் சரி. எவனோ ஒரு அரைகுறை மெக்கானிக் வேகத்தைக் கெடுத்து வைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே மோட்டாரைக் கழற்றித் திருப்பினேன்.

டேப் ரிக்கார்டர் மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் மெல்லிய திருப்புளியை விட்டுத் திருகினால் வேகம் கூடும், குறையும். தூரி மாதிரி அதிரும் இடத்தில் அது தானாக நகர்ந்துவிடும் என்று திருகிய பிறகு ஒரு சொட்டு மெழுகோ பெயிண்டோ வைத்து அடைப்பார்கள். இதில் அடைப்பு இருந்தது. மெழுகும் இல்லை, பெயிண்டும் இல்லை. ரோஸ் நிறம். லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். ரோஸுக்குள் மினுமினுப்பு.

மினுமினுப்பு வைத்த நகப்பாலிஷால் மோட்டாரை அடைக்கிற மெக்கானிக் பவானி வட்டாரத்திலேயே ஒருவன்தான் இருந்தான். பதினாறு வயது. அக்காவின் பாட்டிலைத் திருடிக்கொண்டு வந்து கடை மேசை டிராயரில் வைத்திருந்தவன். பெயிண்டு காய நேரமாகும், இது இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று முதலாளியிடம் பெருமை பேசியவன்.

1991 ஆடி. முதலாளி வெளியே போயிருந்தார். தூரியில் வேலை செய்யும் ஆள் ஒருவர் சைக்கிள் கேரியரில் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். "ஐயா கொஞ்சம் விரசாக ஓடும்படி செய்யச் சொன்னார்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. திருகினேன், அடைத்தேன், டீக்கு ஐந்து ரூபாய் வாங்கினேன். முப்பத்துச் சொச்சம் வருடம் அதை நினைத்ததே இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சுற்றுக்கு 15 விநாடி மிச்சம். நல்ல நோம்பி இரவில் நாற்பது சுற்று ஓடினால் மிச்சம் 10 நிமிடம். ஆள் ஏற்றி இறக்குவதையும் சேர்த்தால் ஒரு சுற்று கூடுதலாக ஓட்டலாம். 24 பேர், ஆளுக்கு ஒரு ரூபாய். இரவுக்கு 24 ரூபாய்.

அம்மணியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவரிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். கடைக்கு வெளியே போவதற்குள் போனில் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து. பெரியவருக்கு 4 நிமிடம் 20 விநாடிதான் பாட்டு. காசு கொடுத்து வாசிக்கவைத்தது அதைத்தான், குதிரை நடைக்கு ஒத்துப்போவதும் அதுதான். மருமகளுக்கு 4 நிமிடம் 5 விநாடி. கேட்டு வருகிறவர்கள் கேட்பது அதைத்தான். நான் நடுவில். திருகியவன் என்ற முறையில் எனக்கு வாயும் இல்லை.

"நான் திருகச் சொன்னேனா?" என்று பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு நினைவில்லை. சொல்லியிருக்கமாட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நெடுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேகமான பாட்டையே போடு அம்மணி. பாட்டு முடிந்ததும் நிறுத்தாதே. குதிரைகளை இன்னும் ஒரு வட்டம் சும்மா விடு" என்றார்.

தூரி ஒரு வட்டம் வர எவ்வளவு நேரம் என்று அளந்தேன். இப்போது மோட்டார் போட்டிருக்கிறார்கள், அதன் நடையில் சரியாக 15 விநாடி வருகிறது.

பாட்டு தயாரானாலும் சத்தம் தயாராகவில்லை. அன்றைக்கு அது கம்பத்து உச்சியில் கட்டிய கூம்புக் குழாய் வழியாக வந்த சத்தம். இன்றைக்குக் கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் போலீசார் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் வெளியிடத்தில் ஸ்பீக்கர் கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து பொது விதி. அதில் எனக்குக் குறையில்லை. அந்தியூர் மருத்துவமனையில் படுத்திருந்த என் அத்தை அந்தக் குழாய்களுக்குக் கொடுத்த சாபம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பெட்டி ஸ்பீக்கரில் போட்டால் பெரிய டிரம் வயிற்றில் வந்து இடிக்கிறது. குழாயில் அந்த டிரம்முக்கு வயிறே கிடையாது, தகரத்தில் தட்டுகிற மாதிரி மண்டையில்தான் கேட்கும். எனவே 400 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000க்கு மேலேயும் வெட்டிவிட்டு, நடுவில் ஒரு இடத்தை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் கரகரப்பும் சேர்த்தேன். நல்ல ஸ்பீக்கரை வாங்கி அதை மோசமாகக் கத்தவைப்பதற்காக ஒரு வாரம் உழைத்தேன் என்று சொன்னால் என் தொழில்காரர்கள் சிரிப்பார்கள்.

நோம்பியின் முதல் நாள் சாயங்காலம் நானும் போனேன். மழைக்கு முன்னான காற்று, சாணமும் பொரியும் கலந்த வாசனை. அம்மணி பென் டிரைவைச் செருகினார். பெரியவருக்கு நாற்காலி போட்டுச் சீட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். டிரம் கிளம்பியது, குதிரைகள் கிளம்பின. கரும்புச்சாறு வாங்கிக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயது மனிதர் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடியே திரும்பினார். அவருடைய மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் வேறு ஊர்ப் பெண்ணாக இருக்கலாம். முதல் இரண்டு சுற்றுகளில் பாதிக் குதிரைகள் காலி. மூன்றாவது சுற்றுக்குக் கூட்டம் வந்துவிட்டது. வந்ததில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. குதிரையில் உட்கார இடம் போதாமல் அன்னத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மயில் கத்தியபோது அவர்கள் கத்திய கத்தலில், பக்கத்துக் கொட்டகையில் கட்டியிருந்த ஒரு குதிரை கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

பாட்டு முடிந்தது. தூரி நிற்கவில்லை. சத்தம் போன பிறகுதான் அச்சின் கிரீச்சொலியும், அந்தப் பக்கம் ஆட்டம் பழகிக்கொண்டிருந்த குதிரையின் சலங்கையும் கேட்டன. பாதிக் காதுக் குதிரைமேல் இருந்த ஒரு சின்னப் பெண் பெரியவரைத் தாண்டிப் போகும்போது, "தாத்தா, பாட்டு நின்றுவிட்டது, தூரி ஏன் இன்னும் சுற்றுகிறது?" என்று கத்திக் கேட்டாள்.

"பழைய பாக்கி, கண்ணு" என்றார் பெரியவர்.

அவள் அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டாள்.